இன்ஹேலரை விட்டவர்கள்

"முப்பத்தெட்டு!"

மாஸ்டர் சீட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். உடம்பின் கொழுப்பை அளக்கும் இயந்திரத்தின் மேல் வெறுங்காலோடு நின்றிருந்த தையல்கார அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"முதல் மாசம் முப்பத்தஞ்சு. போன மாசம் முப்பத்தாறு. இப்போ முப்பத்தெட்டு சதவீதம் கொழுப்பு. தசை மட்டும் கரைஞ்சுக்கிட்டே போகுது. எல்லாருக்கும் கொழுப்பு இறங்குது, உங்களுக்கு மட்டும் ஏறுதுன்னா என்னம்மா அர்த்தம்?"

அர்த்தம் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

ஆஸ்துமாக்காரர்களுக்காக மாஸ்டர் நடத்தும் உணவுக் கட்டுப்பாட்டு வகுப்பு அது. சனிக்கிழமை காலை, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரொட்டி கூடாது, கிழங்கு கூடாது, சர்க்கரையை மனசால்கூட நினைக்கக் கூடாது.

எடையைக் குறைத்தால் இழுப்பு குறையும் என்று சொல்வதோடு டாக்டர்கள் நிறுத்திக்கொள்வார்கள். மாஸ்டர் நிறுத்தவில்லை. வகுப்பில் சேரும் நாளிலேயே இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

"நான் தொட்டுப் பத்து வருஷம் ஆச்சு!" என்று நெஞ்சில் ஒரு தட்டு தட்டிக் காட்டுவார். அந்தத் தட்டுக்கே பாதிப் பேர் சேர்ந்துவிடுவார்கள்.

"உண்மையைச் சொல்லிடுங்கம்மா. யாரும் பார்க்காதப்ப எதையாவது எடுத்து வாயில போட்டுக்கிறீங்கதானே?"

"இல்ல மாஸ்டர். அவிச்ச காய்தான். நீங்க எழுதிக் குடுத்த அளவுக்கு மேல ஒரு கரண்டிகூட இல்ல."

"என்னைப் பாருங்கக்கா" என்று எழுந்தார் பேக்கரிக்காரர். "நாள் பூரா கேக்குக்கு நடுவுலதான் நிக்கிறேன். திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல. மூணு மாசத்துல ஆறு கிலோ போச்சு. மனசு வேணும்கா, மனசு!"

எல்லாரும் கைதட்டினார்கள். சுவரில் மாட்டியிருந்த அட்டவணையில் அவருக்கு ஏற்கெனவே மூன்று நட்சத்திரங்கள். அக்காவின் பெயருக்கு நேரே சுவர் மாதிரியே வெள்ளையாக ஒரு கட்டம்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. ஊரார் பிள்ளைகளை முப்பது வருஷம் முட்டி போட வைத்த குரல் அது.

"தினம் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன். மூச்சு வாங்கறதே இல்ல. நீங்க எவ்வளவு நடக்கிறீங்க?"

"தெருமுனை வரைக்கும்கூட முடியல சார். நெஞ்சு அடைச்சுக்குது. தையல் மெஷினை மிதிக்கவே முடியல. வாங்கின துணியெல்லாம் வெட்டாமக் கிடக்கு, ஆளுங்க வந்து திட்டிட்டுப் போறாங்க."

"கட்டுப்பாடு இல்லாதவங்களுக்கு நூறு காரணம் கிடைக்கும்" என்றார் தலைமையாசிரியர், சுற்றிலும் பார்த்தபடி.

"இன்ஹேலர்?" என்று கேட்டார் மாஸ்டர்.

"முதல் நாளே குப்பையில போட்டுட்டேன் மாஸ்டர்."

பின் வரிசையில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். "நம்பிட்டோம்" என்றது இன்னொரு குரல்.

மாஸ்டர் சீட்டை நாலாக மடித்து அக்காவின் கையில் வைத்தார்.

"எல்லார் முன்னாடியும் ஏமாத்தினேன்னு ஒத்துக்கங்க. இன்னும் ஒரு மாசம் டைம் தரேன். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கங்க. உங்க ஒருத்தரால என் வகுப்புக்கே கெட்ட பேரு."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவம், மூச்சு சரியாக வந்தால் போதும் என்று அந்த மூன்று மாடியையும் ஒவ்வொரு வாரமும் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்தவள்.

"நான் யாரையும் ஏமாத்தல மாஸ்டர். நான்..."

அடுத்த வார்த்தை வரவில்லை. விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

"அழுகையெல்லாம் எதுக்குக்கா? ஒத்துக்கிட்டா முடிஞ்சுபோச்சு" என்றார் பேக்கரிக்காரர்.

அவள் அழவில்லை. இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கழுத்து நரம்புகள் புடைத்தன. உதடு நீலம் பாய்ந்தது. வாய் திறந்திருந்தது, காற்றுதான் உள்ளே போகவில்லை.

"ஐயோ, ஜன்னலைத் திறங்க! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

நாற்காலிகள் உருண்டன. பைகளின் ஜிப்புகள் பர் பர் என்று திறந்தன. யாரோ அவள் கையில் எதையோ திணித்தார்கள். அது என்னவென்று அவளுடைய விரல்களுக்குத் தெரிந்திருந்தது. வாயில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. அப்புறம் இன்னொரு முறை.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. காற்று உள்ளே போனது. உதட்டில் ரத்தம் திரும்பியது. அக்கா மெல்லக் கண்ணைத் திறந்து நிமிர்ந்து பார்த்தாள்.

சுற்றிலும் வட்டமாக நின்றிருந்தார்கள். எல்லாக் கைகளும் அவளை நோக்கி நீண்டிருந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு இன்ஹேலர். தலைமையாசிரியர் மூடியைக்கூடக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

"சும்மா... ஒரு அவசரத்துக்குன்னு..." என்று ஆரம்பித்த பேக்கரிக்காரர் முடிக்கவில்லை. மற்றவர்கள் ஆரம்பிக்கவே இல்லை.

அக்கா ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். பன்னிரண்டு பேர். பன்னிரண்டு இன்ஹேலர். பிறகு தன் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"அப்போ இது யாருதுங்க?"

அந்த அறையில் கை காலியாக நின்றவர் மாஸ்டர் ஒருவர்தான்.