செருப்பை வெளியே விடவும்

நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள்.

‘செருப்பை வெளியே விடவும்’ என்று டாக்டரம்மாவின் கதவில் எழுதியிருந்தது. விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். வெறும் கால். விரலில் மெட்டி இல்லை.

“கல்யாணம் ஆகாதவங்களுக்குக் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எல்லாம் எடுக்கிறதில்லம்மா. வீட்டுக்குப் போங்க.”

வராந்தா முழுக்கக் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்தொன்பது வயது. தலைமையாசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அரை நாள் லீவு. பரிமளா அக்கா போய் எட்டு மாதம்தான் ஆகிறது. அதே இடத்தில்தான் அக்காவுக்கும் புற்று. முற்றிய பிறகுதான் தெரிந்தது.

கல்யாணம் ஆகவில்லை, சரி. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லையே. ஆணோடு பழக்கம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

“இல்ல சிஸ்டர், நான்…”

அதற்குள் நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டாள்.

வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப்புக்குப் போகவில்லை. ரோட்டைக் கடந்து எதிரே இருந்த ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனாள்.

திரும்பி வந்து புது டோக்கன் போட்டாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் செருப்பைக் கழற்றினாள்.

நர்ஸ் குனிந்து பார்த்தாள். இரண்டு காலிலும் வெள்ளை மெட்டி, புத்தம் புதுசு.

“உள்ள போங்கம்மா.”

அவ்வளவுதான். காலையில் விரட்டியது இவளைத்தான் என்று அந்த நர்சுக்கு ஞாபகமே இல்லை. முகத்தைப் பார்த்திருந்தால் அல்லவா ஞாபகம் இருக்கும்!

உள்ளே காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். ஏதோ சில்லென்று பட்டது. லேசாக இழுத்துப் பிடித்தது. மூச்சை விடுங்க என்றார் டாக்டர். முடிந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட இல்லை.

இதற்கு நேரமில்லை என்றுதான் அக்கா ஆறு வருடம் தள்ளிப்போட்டாள்.

வெளியே வந்து செருப்பைத் தேடினாள். கண் கலங்கியிருந்ததில் சட்டென்று அகப்படவில்லை. அடுத்த டோக்கன்காரி எழுந்திருக்காமல் பெஞ்சிலேயே இருந்தாள். முப்பது வயது இருக்கும். தனியாக வந்திருந்தாள். இரண்டு பாதங்களையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குனிந்து மெட்டிகளைக் கழற்றினாள்.

“லேசா அழுத்தினாப் போதும், விரலுக்குத் தகுந்த மாதிரி வளைஞ்சுக்கும்” என்று உள்ளங்கையை நீட்டினாள்.