தொட்டியில் ஊற்றிய தண்ணீர்

அச்சகத்தைப் பாகம் பிரித்தபோது புது ஆஃப்செட் மெஷினை எடுத்துக்கொண்டு, பழசைத் தம்பி தலையில் கட்டிய அண்ணன், ஒரு வருடம் கழித்துப் போன் செய்தார்.

“தம்பி, மெஷின் தொட்டிக்கு நல்ல தண்ணி தீர்ந்துபோச்சு. போர் தண்ணி ஊத்தலாமா?”

சுண்ணாம்பு படியும் அந்தக் கடினத் தண்ணீரில் அடித்தால் தாளெல்லாம் கறையாகும். ஆர்டர் பிடித்தே பழகிய அண்ணனுக்கு அது தெரியாது.

“தாராளமா ஊத்துண்ணே!” தம்பிக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மனைவி தயங்கியபடி வந்தாள். “கோவிச்சுக்காதீங்க. நம்ம மெஷின் படுத்துடுச்சே, நாளைக்குக் கொடுக்கவேண்டிய புத்தக அட்டையை அடிச்சுத் தரச்சொல்லி உங்க அண்ணன்கிட்ட கொடுத்தேன். ‘தம்பி பேர் கெடக்கூடாது’ன்னு அவரே நின்னு ஓட்டறார்.”

பதறிப்போய்ப் போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மெஷின் ஓடும் சத்தத்தில் அண்ணனுக்கு எதுவும் கேட்காது.