சிவிலா, கிரிமினலா?

அன்றைக்கு மூன்றாவது முறையாக அதே பாடம். சட்டம் எங்கிருந்து வருகிறது, எத்தனை வகைப்படும் என்று வணிகவியல் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி விரிவுரையாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வகுப்பு கலைந்ததும் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

தையல்கடை நடத்திக்கொண்டே மாலை வகுப்பில் படிக்கும் நடுவயது மாணவி மட்டும் போகாமல் நின்றாள்.

“ஒரு சந்தேகம், மேடம். எனக்குத் தெரிஞ்சவங்களை அவங்க புருஷன் போட்டு அடிக்கிறார். அது சிவிலா, கிரிமினலா?”

“கிரிமினல்தான்.”

“குடும்பத்துல இதெல்லாம் வழக்கம்தான்னு அவர் சொன்னா? வழக்கத்துலேருந்தும் சட்டம் வரும்னு சொன்னீங்களே?”

“நியாயமில்லாத வழக்கம் சட்டமாகாதும்மா. அவங்களைப் புகார் கொடுக்கச் சொல்லுங்க.”

“அவங்க வாயே திறக்க மாட்டேங்குறாங்க. வேற யாராவது கொடுக்கலாமா?”

விரிவுரையாளர் களைப்போடு கண்களை மூடிக்கொண்டார். “சிவில்னா பாதிக்கப்பட்டவங்கதான் போகணும். இது குற்றம், ஊருக்கே எதிரானது. யார் வேணாலும் கொடுக்கலாம்.”

“அப்ப நான் கொடுக்கிறேன், மேடம்.” அவள் குரல் தணிந்தது. “போன மாசம் உங்க ஃபிளாட்டுக்கு மேல் ஃபிளாட்டுல குடிவந்தது நாங்கதான். கீழே நடக்கிறதெல்லாம் எங்களுக்குக் கேக்குது.”

விரிவுரையாளருக்கு முகம் வெளுத்தது. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

“நீங்க சாட்சிக்கு வந்தா போதும்மா. புகாரை நானே எழுதறேன்.”