கங்காதரனின் மறதி

மனைவி அம்சவேணி கோபித்துக்கொண்டு குடியாத்தத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆயிற்று. ஆம்பூர் தோல் மண்டிக் குமாஸ்தா கங்காதரன் ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் குடையோ, துண்டோ, பொடி டப்பியோ மறந்துவிட்டு வருவான்.

இதைக் கேட்டு சிநேகிதர் டாக்டர் அருளப்பன் சிரித்தார். “புதுசா ஒரு மனோதத்துவப் புஸ்தகம் படிச்சேன். மனசு எங்க திரும்பிப் போக ஏங்குதோ, அங்கதான் பொருளை மறப்போமாம். அவளைக் கூப்பிட்டியா?”

“வரமாட்டேன்னுட்டா இன்னா பண்றது?”

“கேட்டுத்தான் பாரேன்.”

அடுத்த ஞாயிறு, டாக்டர் சொன்னதை அம்சவேணியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். “என் மனசு இங்கியேதான் கெடக்குது. வீட்டுக்கு வந்துடு, வேணி.”

அவள் கண் கலங்கியது.

“நீங்க ஒண்ணுமே மறக்கல. எல்லாத்தையும் நான்தான் ஒளிச்சு வச்சேன். மறுவாரம் வராம போய்ட்டீங்கன்னா?”

மாலை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் வாங்கினான்.