மூத்தவளுக்கான மூச்சு

"தள்ளி உட்காருடி. நீ கொட்டாவி விட்டா மொத்த வம்சமும் உன் வாய்க்குள்ள போயிடும்."

சாகக் கிடக்கிறபோதும் கேயாவேக்குக் கிண்டல் போகவில்லை. தங்கை லாஹெலா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

கேயாவேயின் முழுப்பெயரைச் சொல்லத் தொடங்கினால், சொல்கிறவருக்கு நடுவில் ஒரு வேளைச் சாப்பாடு போட வேண்டும். ஹவாய்த் தீவுகளை ஆண்ட குடும்பம். அந்தக் காலத்தில் யாருடைய நிழலாவது அவர்கள்மேல் விழுந்தால் தலை போய்விடும். மேகங்களே உத்தரவு கேட்டுத்தான் நகர்ந்தனவாம்.

இவர் நானாக்குலியில் பஸ் கழுவி ஓய்வு பெற்றவர். யாருடைய நிழலாவது விழுந்தால் சந்தோஷப்படுவார். அத்தனை வெயில் அங்கே.

நிலம் போயிற்று, கொடி போயிற்று. மிச்சம் மூச்சு ஒன்றுதான்.

வம்சத்தின் பெயர்கள், பாட்டுகள், எரிமலையையே அதட்டி உட்கார வைத்த அதிகாரம், எல்லாம் கடைசி மூச்சில்தான் இருக்கிறது. சாகிறவர் அதைத் தலைப்பிள்ளையின் வாய்க்குள் ஊதிவிட்டுப் போக வேண்டும். வாய்க்கு வாய் அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஒரு வாய் தவறினால் அதோடு சரி.

தலைப்பிள்ளை நோஹெயா, ஒரே பிள்ளையும் அவள்தான், லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிறாள். தீவில் ஒரு அறைக்குக் கேட்கிற வாடகைக்கு அங்கே அரண்மனையே கிடைக்கும். ஊரில் பாதிப்பேர் குடிபோய்விட்டார்கள். கடல் ஒன்றுதான் இன்னும் போகவில்லை.

அவளுக்கு விமானம் நாளைக் காலையில்தான்.

கேயாவேயின் நெஞ்சு சாயங்காலம்வரை தாங்காது. அது லாஹெலாவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"போனைக் கிட்டக் கொண்டா," என்றார்.

லாஹெலா போனை அவர் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தாள். திரைக்குள் நோஹெயா, இரைக்குக் காத்திருக்கும் குஞ்சுபோல வாயைத் திறந்துகொண்டு இருந்தாள்.

அந்த வாய்க்கு ஒரு சாண் தள்ளித்தான் லாஹெலாவின் வாயும் இருந்தது. சேப்பங்கிழங்குக் கூழை விரலால் வழித்து அவருக்கு ஊட்டி, குளிப்பாட்டி, இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவள். ஆனால் இளையவள். அந்த மூச்சு அவளுக்கு உரியதல்ல. தவறிப்போய் ஒரு துளி உள்ளே வந்துவிடக் கூடாதே என்று உதட்டை இறுக்கி, தன் மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

கேயாவே ஊதினார்.

மெழுகுவத்திகூட அணைந்திருக்காது.

"அத்தை, ஒண்ணுமே தெரியல," என்றாள் நோஹெயா. "ஒரே மங்கலா இருக்கு. கொஞ்சம் துடைங்க."

லாஹெலா போன்மேல் படிந்திருந்த ஆவியைக் கவுன் நுனியால் துடைத்தாள். ஓரங்களையும் விடாமல் நன்றாகத் துடைத்தாள்.

கேயாவேயின் நெஞ்சு அதற்குப் பிறகு ஏறவில்லை.

"ம், இப்பத் தெரியுது," என்று நோஹெயா மறுபடி வாயைத் திறந்தாள். "அப்பாவை ஊதச் சொல்லுங்க."