தம்பியின் பாரம்

சிவப்புக் காருக்கு ரேஸ் காரில் இருப்பது போன்ற அகலச் சக்கரங்களை மாட்டியாகிவிட்டது. மெக்கானிக் நட்டுகளை எதிரெதிராக முறுக்குகிறார். வரிசையாக முறுக்கினால் சக்கரம் கோணலாக உட்கார்ந்துவிடும். ஜாக்கி இறங்குகிறது. தம்பி ஆசை ஆசையாக வரவழைத்த சக்கரங்கள், அவன் இறந்து ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தவை. அக்கா சுவரோரம் நிற்கிறாள். "ஓட்டுறவரை ஏறி உட்காரச் சொல்லுங்கம்மா, பாரம் விழுந்தாத்தான் டயர் உரசுதான்னு..." மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். "நான் உட்கார்றேண்ணே. ஆனா ஊதினா பறந்துடுவேன்னு கிண்டல் பண்ணுவான். என்னைவிட இருபது கிலோ கூட அவன்." மெக்கானிக் யோசித்து, கழற்றிய பழைய சக்கரம் ஒன்றைத் தூக்கிவருகிறார். "இது இருபது கிலோ வரும்." நெட்டைக்கால் தம்பிக்காகப் பின்னே தள்ளியிருந்த சீட்டில் அவள் உட்கார, அதை மடியில் நிறுத்துகிறார். ஸ்பிரிங் முனக, கார் தாழ்கிறது. ஜன்னல் வழியே ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிவிட்டுக் குனிகிறார். மட்கார்டு தகட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறது. "உரசலைம்மா. மடியில இருக்கிற சக்கரத்தை எடுத்துடட்டுமா?" டயர்க் கரி சேலையெல்லாம் அப்பியிருக்கிறது. அவள் இரு கைகளாலும் சக்கரத்தைச் சேர்த்துப் பிடிக்கிறாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்ணே."