நேர்மாறு

“மறுபடியும் ஒண்ணு பை சைன்னு எழுதியிருக்க. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று அண்ணன் எரிந்து விழுந்தான்.

“தலைக்கு மேல மைனஸ் ஒண்ணு போட்டா அப்படித்தானே அண்ணே?”

“அது வகுக்கிறது இல்லடி, நேர்மாறு. நாளைக்குப் பரீட்சையில இப்படிக் கிறுக்கினா எல்லாம் மண்ணாப் போச்சு. சைன் இன்வர்ஸ் எக்ஸுக்குத் தீட்டான்னு பிரதியிடு. அப்புறம் பகுதி பகுதியாத் தொகையிடு.”

தேறினால் பட்டறையில் மேற்பார்வை வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். தவறினால் அந்த வாசலையே மிதிக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். துணிக் கம்பெனியில் நாள் முழுக்க நின்ற கால் கடுத்தாலும், கணக்கு சரியாக வரும்வரை தங்கை எழுந்திருக்கவில்லை.

“ஏறிடுச்சு அண்ணே!” என்று சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான்.

மறுநாள் தேர்வுக்கூடத்தில் அதிகாரி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டி, “இது என்னன்னு தெரியுமாம்மா?” என்று அவளிடம் கேட்டார்.

“சைன் இன்வர்ஸ் எக்ஸ் சார். தீட்டா பிரதியிட்டு, பகுதி பகுதியாத் தொகையிட்டா, எக்ஸ் இன்டு சைன் இன்வர்ஸ் எக்ஸ், பிளஸ் ரூட் ஒன் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர்!” மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

அதிகாரி அவள் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார்.

“பாடம் தெரிஞ்சவங்க அடுத்தவருக்காக எழுதக் கூடாதும்மா. வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

“ஐயோ, இவ மரமண்டை சார்! ஒரு எழவும் தெரியாது. நான் சொல்றதை எழுதுவா, அவ்வளவுதான்.”

அண்ணன் கும்பிட்டான். பட்டறையின் பிரஸ் மெஷின் விழுங்கியது போக மிச்சமிருந்த இரண்டு மணிக்கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.